பர்மாவில் தியானம் பொதுமக்கள் உடைமையான வரலாறு

பௌத்தர் யாவரும் தொன்றுதொட்டு அன்றாடம் கண்மூடித் தியானத்தில் அமர்ந்து வந்தனர் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தேரவாத நாடுகளில் இல்லறத்தார் கடமை பெரும்பாலும் தானமும் சீலமுமாகவே இருந்தது. துறவியருள்ளும் மறைநூல் பயின்றோர் பலர். காடு சென்று தியானத்தில் ஆழ்ந்தோர் சிலரே. புத்தரின் சாசனம் தேய்ந்துவரும் இக்காலத்தில் வீடுபேறு கைகூடாது என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. கடையிலும் கழனியிலும் உழைப்போர் சில நாள்களை ஒதுக்கித் தியானம் பயிலும் வழக்கம் ஏறத்தாழ நூறாண்டு வயதினதே. அது பெருவழக்காகத் தழைத்த இடம் பர்மா. அதற்கு வித்திட்டது ஓர் அரசின் வீழ்ச்சி.

பயிற்சி முறை பழமையானதே. உடல், நுகர்ச்சி, உள்ளம், அறக்கூறுகள் ஆகிய நான்கையும் உள்ளவாறே நோக்குமாறு மஜ்ஜிம நிகாயத்தின் 10ஆம் சூத்திரம் பணிக்கிறது. இந்நோக்கிற்குப் பாலி மொழியில் 'ஸதி' என்று பெயர். ('சதி' என்றெழுதினால் நம் மாணவர் வேறு பொருள் கொள்வர்!) வடமொழி 'ஸ்மிருதி'யோடு உறவுடைய இச்சொல்லின் நேர்ப்பொருள் நினைவு என்பதாகும். புத்தரின் எண்வகை நெறியுள் இதனைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்பர். கடைப்பிடி என்பதற்கு மறவாமை என்ற பொருளும் உண்டு. சாலைப் பாதுகாப்பு முதல் பல் துலக்குவது வரை அனைத்திற்கும் இன்று வழங்கும் 'விழிப்புணர்வு' என்னும் சொல்லினும் இதுவே ஆழமுடையது என்பது என் கருத்து.

பர்மிய மன்னர் மிண்டோன் திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கற்களில் பொறிப்பித்தார். 1871இல் மாண்டலேயில் ஐந்தாம் பௌத்தப் பேரவையைக் கூட்டினார். அவர் மகன் தீபோ 1885இல் ஆங்கிலேயரிடம் அரசிழந்து, இந்தியாவின் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். சங்கத்தைப் புரந்த அரியணை மறைந்தது. கல்லில் எழுதிய அறத்தை இனிக் காப்பவர் யார்?

இவ்வினாவிற்கு விடை கண்டவருள் தலையாயவர் லெடி சயாடோ (1846–1923). மாண்டலேயில் கற்றுத் தேர்ந்த இத்துறவி, அரசன் காவாத சாசனத்தை மக்களே காக்க வேண்டுமெனக் கருதினார். ஊர்தோறும் சென்றார், நுண்ணிய அபிதம்மத்தை எளிய பர்மிய மொழியில் எழுதி இல்லறத்தாரிடம் கொண்டு சேர்த்தார். கற்றதை உள்ளத்தில் சோதித்தறிய விபஸ்ஸனாத் தியானத்தையும் பயிற்றினார். அறிஞர் மொழியிலிருந்த அறிவைத் தாய்மொழியில் தந்த அச்செயலே ஏனைய அனைத்திற்கும் அடிப்படை என்பேன். தாய்மொழிப் பள்ளியில் பணியாற்றும் நமக்கு அதன் அருமை விளங்கும். சயா தெட்ஜி என்ற உழவரையும் ஆசானாக விளங்குமாறு அவர் பணித்தார். துறவாடை அணியாத ஒருவர் தியான ஆசானாவது அந்நாளில் சிறிய செய்தியன்று.

அவ்வுழவரிடம் 1937இல் பயிற்சி பெற்றவர் ஊ பா கின் என்னும் அரசு அலுவலர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது நாட்டின் தலைமைக் கணக்காயராகிய அவர், தம் அலுவலகத்தாருக்கும் தியானம் கற்பித்தார். 1952இல் இரங்கூனில் அனைத்துலகத் தியான நிலையம் ஒன்றை நிறுவினார். மற்றொரு மரபினரான மகாசி சயாடோ (1904–1982) பிரதமர் ஊ நூ முதலியோரின் அழைப்பை ஏற்று 1949இல் இரங்கூனில் பயிற்சியைத் தொடங்கினார். மூச்சினால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் குறித்து நோக்குவது அவர் முறை.

மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர் கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியால் வருந்தி 1955இல் ஊ பா கின்னை நாடினார். 1969இல் அவர் இந்தியா சென்று பம்பாயில் முதல் முகாமை நடத்தினார். புத்தர் பிறந்த மண்டலத்தில் வழக்கொழிந்திருந்த பயிற்சி, பர்மாவில் வளர்ந்த ஓர் இந்து வணிகர் வாயிலாக அங்கு மீண்டது.

1979இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவத் துறையில் ஜான் கபாட்-சின் என்பார், நோயாளிகளின் மன இறுக்கம் தணிக்க ஒரு பயிற்சியைத் தொடங்கினார். அதில் ஸதி இருந்தது. சமயச் சடங்குகளும் சாசனமும் இல்லை. சாசனம் அழியாதிருக்கவே லெடி சயாடோ தியானத்தை மக்களிடம் கொண்டு சென்றார். அவர் திறந்த வாயில் வழியே சாசனத்தை விட்டுத் தியானம் மட்டும் தனியே வெளியேறியது.