பக்கிங்காம் கால்வாய்: ஒரு நீர்வழியின் வாழ்வும் தாழ்வும்

கடலுக்கும் நிலத்துக்கும் இடையே கிடக்கும் உப்புநீர்ப் பரப்பைப் பண்டைத் தமிழர் ‘கழி’ என வழங்கினர். மாமாங்கேசுவரர் ஆலயத்தால் புகழ்பெற்ற அமிர்தகழி என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றிலும் அச்சொல்லே நிற்பது நோக்கத்தக்கது. அவ்வூரை அணைந்து கிடக்கும் மட்டக்களப்பு வாவி, நெடுங்காலம் மக்கள் போக்குவரத்துக்கு நெடுஞ்சாலையாக விளங்கியது. 1924ஆம் ஆண்டிற் கல்லடிப் பாலம் அமையும்வரை அக்கரை செல்வோர்க்குத் தோணியே துணை. இத்தகைய வாவிகளும் கழிகளும் தமிழகத்தின் கீழைக்கரையிலும் நிரையாக அமைந்துள்ளன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து வெட்டப்பட்ட ஒடுங்கிய கால்வாயே பக்கிங்காம் கால்வாய். அது தோன்றியதும், வளர்ந்ததும், கைவிடப்பட்டதும், இன்று மீட்கப்பட முயல்வதும் வாவிக்கரையில் வாழும் எவர்க்கும் படிப்பினையாகும் வரலாறாகும்.

கால்வாயின் தொடக்கம் ஒரு வணிகரின் முயற்சியே. பாசில் கொக்கிரேன் என்னும் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர்வரை, ஏறத்தாழ 11 மைல் தூரம், ஒரு கால்வாயை அமைத்தார். அவர் பெயராலேயே அது கொக்கிரேன் கால்வாய் எனப்பட்டது. அதன்வழிச் சென்ற படகுகள் சுங்கம் செலுத்தின. 1837இல் அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்று, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலும் வடக்கு நோக்கி நீட்டிற்று. காலப்போக்கிற் கால்வாய் வடக்கே கிருட்டிணை ஆற்றுப் பாய்ச்சற் பகுதியிலுள்ள பெத்தகஞ்சத்தையும், தெற்கே உப்பளங்களுக்குப் பேர்போன மரக்காணத்தையும் எட்டியது. பெத்தகஞ்சம் சென்னைக்கு வடக்கே 315 கிலோமீற்றர் தொலைவிலும், மரக்காணம் தெற்கே 103 கிலோமீற்றர் தொலைவிலும் உள்ளன. வடபாற் கிருட்டிணை, கோதாவரிக் கால்வாய்களோடு இணைந்து, காக்கிநாடாவரை செல்லும் ஒரே நீர்வழியாயிற்று.

ஆயினும், சென்னை நகரின் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. வடக்கே கூவம் ஆற்றுக்கும் தெற்கே அடையாற்றுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நிலம் வெட்டப்படாது கிடந்தது. அதனை வெட்டுவித்தது வணிகரின் பொருளாசையன்று, பஞ்சத்தின் கொடுமையே. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. ஊரை விட்டு வெளியேறியோரிற் பல்லாயிரவர் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். எஞ்சினோரிற் பலர் அரசாங்கத்தின் நிவாரண வேலைத்தலங்களை நாடினர். அவ்வாறு வந்தோரின் கைகளே சென்னை நகரின் இடைவெளியை வெட்டி முடித்தன.

அவ்வேலைக்குக் கிடைத்த கூலி யாது? 1877இன் தொடக்கத்தில், இந்திய அரசின் சார்பில் வந்த சர் றிச்சேட் ரெம்பிள், ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே போதுமென வரையறுத்தார். உடலுழைப்புக்கு இவ்வளவு உணவு போதாதெனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளர் வைத்தியர் கோர்னிசு கடுமையாக மறுத்துரைத்தார். சில திங்களுக்குப்பின் சென்னை அரசு அவ்வளவை உயர்த்திற்று. ஆயினும், அதற்குள் மடிந்தோர் மடிந்தோரே. 1878இல், அப்பொழுது சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வெட்டியோருள் ஒருவரின் பெயரேனும் கால்வாயின் எப்பகுதிக்கும் வழங்கவில்லை.

அடுத்து வந்த தலைமுறைகளிற் கால்வாய் செழித்தது. உப்பு, நெல், விறகு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், மீன் முதலியன படகேறிச் சென்னையை அடைந்தன. காற்று வாய்த்தபொழுது பாய் விரித்தனர். வாயாதபொழுது கரையில் நடந்தவாறே கயிறு கட்டிப் படகை இழுத்தனர். இவ்வழியே மாமல்லபுரம் சென்ற பாவேந்தர் பாரதிதாசன், ‘மாவலிபுரச் செலவு’ என்னும் தம் பாடலில், படகிழுக்கும் தொழிலாளரின் துன்பத்தைக் கண்டு மனம் நொந்து பாடியுள்ளார். கால்வாயின் பொருளாதாரம் எவருடைய தோள்மீது நின்றது என்பதற்கு அப்பாடலே சான்றாகும்.

இனி, இக்கால்வாயின் இயல்பை ஆராய்தல் வேண்டும். வயலுக்கு நீர் பாய்ச்சும் கால்வாய் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஓடும். பக்கிங்காம் கால்வாயோ கரைக்கு இணையாகக் கிடப்பது. தனக்கென ஓட்டம் அற்றது. அது வழியிற் சந்திக்கும் ஆறுகளின் முகத்துவாரங்கள் வாயிலாகப் புகும் கடற்பெருக்கே அதன் மூச்சு. பெருக்கும் வற்றும் மாறி மாறி நிகழ்வதால் நீர் புதுப்பிக்கப்படும். நீர்மட்டம் தாழாதிருக்க ஆங்காங்கே கதவு மடைகள் அமைந்திருந்தன. ஆகவே, முகத்துவாரம் மணலால் அடைபடின் கால்வாயின் மூச்சும் அடைபடும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின், கரையோரமாக வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு அதன் தென்புறத்தே குவிந்தது. மெரீனாக் கடற்கரை அகன்றது. வடசென்னைக் கரை அரிப்புண்டது. கூவத்தின் வாயை மணற்றிட்டு அடைக்கலாயிற்று.

புகையிரதமும் பாரவண்டியும் கால்வாயின் வணிகத்தைச் சிறிது சிறிதாகக் கவர்ந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளில் வீசிய சூறாவளிகள் கரைகளைச் சிதைத்தன. அதன்பின் முறையான பராமரிப்பு நிகழவில்லை. நகரினூடே செல்லும் ஏறத்தாழ 31 கிலோமீற்றர்ப் பகுதி கழிவுநீர் ஓடையாக மாறிற்று. நகரின் பறக்கும் புகையிரதப் பாதையை அமைத்தோர், அதன் தூண்களைக் கால்வாயின் ஓரத்திலும் உள்ளேயுமே ஊன்றினர். 1995இற் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் அப்பாதை நீண்டது. ஒரு போக்குவரத்து வழியை மற்றொரு போக்குவரத்து வழி மிதித்து நின்றது எனலாம்.

கைவிடப்பட்ட இக்கால்வாய் 2004 திசம்பர் 26ஆம் நாள் தன் பயனை மீண்டும் காட்டிற்று. மட்டக்களப்புக் கரையையும் அழித்த அதே ஆழிப்பேரலை ஆந்திர, தமிழகக் கரைகளில் மோதியபொழுது, சென்னைக்கு வடக்கே நீண்டு கிடந்த கால்வாய் அலைநீரிற் பெரும்பகுதியைத் தன்னுள் ஏற்றது. நிரம்பியபின் அந்நீர் கடலுக்கே மீண்டது. கரையோர மீனவர் பலர் இதனால் உயிர் பிழைத்தனர் எனப் பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். படகு செல்லாத கால்வாய் பயனற்றது என்னும் எண்ணம் அன்று பொய்யாயிற்று.

2008இல் இந்திய அரசு, காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையான கால்வாய்த் தொகுதியை, கோதாவரி, கிருட்டிணை ஆறுகளின் பகுதிகளோடு சேர்த்து, நான்காம் தேசிய நீர்வழியென அறிவித்தது. ஆனால் அறிவிப்பு வேறு, மீட்பு வேறு. தூர் வாருதல் மட்டும் மீட்பாகாது. கழிவுநீர் தடுக்கப்படல் வேண்டும். முகத்துவாரம் திறந்திருத்தல் வேண்டும். வெட்டியெடுத்த சேறு மீண்டும் கரையிலிருந்து சரியாதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே நிகழாவிடின் ஓராண்டிற் செய்த வேலை மறு மாரியில் அழியும்.

மீட்பு இயலாததா என வினவுவோர் இங்கிலாந்தின் அடர்சுபீல்ட் ஒடுங்கற் கால்வாயை நோக்குக. 1811இல் முற்றுப்பெற்ற அக்கால்வாய் 20 மைல் நீளமும் 74 கதவு மடைகளும் உடையது. மலையைக் குடைந்து செல்லும் அதன் சுரங்கம் 3 மைலுக்கும் மேற்பட்டது. அதனுள்ளே தொழிலாளர் மல்லாந்து கிடந்து, சுவரைக் காலால் உதைத்துப் படகைச் செலுத்தினர். 1944இற் சட்டப்படி கைவிடப்பட்ட அக்கால்வாயின் பகுதிகள் தூர்க்கப்பட்டு, அவற்றின்மேற் கட்டடங்களும் எழுந்தன. 1974இற் பொதுமக்கள் ஒரு சங்கம் அமைத்து உழைத்தனர். உள்ளூராட்சி மன்றங்களும் கைகொடுக்க, 2001இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுப் பொறுமையின் பயன் அது.

சென்னையின் நிலைமையில் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அடர்சுபீல்டில் மீட்புக்குத் தடையாய் நின்றவை தொழிற்சாலைகள். பக்கிங்காம் கரையிலோ ஏழைகளின் குடிசைகளும் இருந்தன. சென்னையின் நீர்வழிகளைச் சீர்ப்படுத்தும் பொருட்டு அவற்றின் கரைகளில் வாழ்ந்தோர் பல்லாயிரவர் நகரின் தென்புறத்தேயுள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தொழிலும் பள்ளியும் அவர்களுக்குத் தொலைவாயின. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலமாகும். நீர்வழியினின்று அகற்றப்பட்டோர் மற்றொரு நீர்நிலையின் ஓரத்தே குடியமர்த்தப்பட்டனர். கால்வாய்க்குள் நின்ற புகையிரதத் தூண்களோ அசையவில்லை. பஞ்சத்தில் வாடியோர் வெட்டிய கால்வாயை மீட்கும் சுமையும் வறியோர்மீதே ஏற்றப்படின், 1877இன் அநீதி வேறோர் உருவில் தொடர்கிறது என்பதே பொருள்.

மட்டக்களப்பு வாவியும் பக்கிங்காம் கால்வாயும் ஒரே இயல்பின. அமிர்தகழிக்கு அணித்தான பாலமீன்மடு முகத்துவாரம் வரட்சிக் காலத்தில் மணலால் அடைபடுவதையும், மாரியில் வெள்ளம் வடியுமாறு அது வெட்டித் திறக்கப்படுவதையும் இப்பகுதி மக்கள் நன்கறிவர். வாவியோடு சேரும் ஓடைகளும் தோணாக்களும் ஒடுங்கியனவாயினும், வெள்ளத்தை வடிப்பனவும் உப்பையும் நன்னீரையும் சமன்செய்வனவும் அவையே. அவற்றைக் குப்பையால் தூர்த்து, பின்னர்ப் பெரும்பொருள் செலவிட்டு மீட்க முயல்வது அறிவுடைமையாகாது.

ஒரு நீர்வழி ஒருநாளில் அழிவதில்லை. முதலில் அதன் பயன் மறக்கப்படுகிறது. பின்னர் அதன் கரை குறுகுகிறது. இறுதியில் அதன் பெயர் மட்டும் எஞ்சுகிறது. மீட்பு அவ்வரிசையைத் திருப்பி நடத்தல் வேண்டும். அதற்கு முதற்படி, அதனை வெட்டியோரையும் அதனருகே வாழ்வோரையும் நினைவிற் கொள்ளுதலேயாகும்.