இடுக்கில் மாட்டிய நரம்பு

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களில் பலர் குபேர லிங்கத்தைத் தாண்டியதும் இடுக்குப் பிள்ளையாரிடம் வரிசையில் நிற்பார்கள். சின்னக் கல் மண்டபம்; நேர்கோட்டில் மூன்று குறுகிய வாசல்கள். பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, உடம்பை நெளித்து நெளித்து முன்பக்கம் வர வேண்டும். இடைக்காட்டுச் சித்தர் அமைத்தது என்பார்கள். அப்படி வந்தால் இடுப்பு வலியும் நரம்புக் கோளாறும் விலகும் என்பது நம்பிக்கை. வரிசையில் சற்றுக் காதைக் கொடுத்தால் "எல் 4, எல் 5 நடுவுல ஜவ்வு விலகிடுச்சாம்" என்ற பேச்சும் விழும். ஸ்கேன் சென்டரில் தந்த எண்ணைச் சுமந்துகொண்டுதான் பிள்ளையாரிடமும் வருகிறார்கள்.

அந்த எண்தான் சயாட்டிக் நரம்பின் பிறந்த ஊர். இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவது, ஐந்தாவது, அதற்குக் கீழே திருவெலும்பில் முதல் மூன்று என்று ஐந்து மட்டங்களிலிருந்து வரும் வேர்கள் கூடி ஒரே நரம்பாகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு இது. கிளம்பும் இடத்தில் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. பிட்டத்துத் தசைக்கு அடியில் புகுந்து, பின்தொடையில் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. கோளாறு பெரும்பாலும் இந்த வழியில் இல்லை, வேரில்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கின் கூழ் பிதுங்கி வேரை நெருக்குகிறது, வேர் வீங்கிச் சிவக்கிறது. மூளையோ கால்தான் வலிக்கிறது என்று புரிந்துகொள்கிறது. கெண்டைக்காலில் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எந்த வேர் என்பதைக் கால் காட்டிக்கொடுக்கும்: ஐந்தாவது இடுப்பு வேர் என்றால் பெருவிரலைத் தூக்குவதில் தளர்ச்சி, முதல் திருவெலும்பு வேர் என்றால் சுண்டுவிரல் பக்கம் மரப்பு.

கிரிவலத்தின் 14 கிலோமீட்டர் பாதை இன்னொன்றையும் காட்டும். டிஸ்க் பிதுங்கியவருக்கு உட்கார்ந்தால்தான் வலி ஏறும். ஊரிலிருந்து பஸ்ஸில் வருவதே அவருக்குப் பெரிய தண்டனை, நடப்பது தேவலை. வயதானவர்கள் சிலருக்கு நேர் எதிர். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்துப் போகும். திண்ணையில் உட்கார்ந்தாலோ, முன்னால் குனிந்து நின்றாலோ சரியாகும். அது முதுகெலும்புக் குழாய் சுருங்கியதன் அடையாளம். இரண்டையும் ஒரே 'வாயுப் பிடிப்பு' என்று கட்டி ஒரே மருந்தைக் கொடுத்துவிடுகிறோம்.

இடுப்பு மூட்டு வலி வேறு, நரம்பு வலி வேறு என்று பிரித்து எழுதியவர் நேப்பிள்ஸ் நகரத்து டொமெனிகோ கொட்டூன்யோ, ஆண்டு 1764. ஆனால் நரம்பை நெருக்குவது எது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அதற்கு 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் அறுவை செய்த நோயாளிகளை வைத்து, குற்றவாளி கிழிந்த டிஸ்க் என்று காட்டினார்கள்.

அந்த இடைவெளியில் பிறந்ததுதான், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் செய்யும் கைரோபிராக்டிக். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரத்தில், காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர், காது கேளாத ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகில் புடைத்திருந்த எலும்பை அழுத்தி நகர்த்தியதாகவும், அவருக்குக் காது கேட்டதாகவும் சொன்னார். நோய்களில் பெரும்பாலானவை விலகிய முள்ளெலும்பால் வருகின்றன என்ற முடிவுக்கும் போனார். காதின் நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906-இல் சிறைக்கும் போய் வந்தார். சித்தாந்தம் நொண்டியது, கைவேலை பிழைத்துக்கொண்டது. அது நமக்கு அந்நியமும் இல்லை. கால் முதலில் வெளியே வந்து பிறந்தவரைத் தேடிப்பிடித்து, பிடிப்பு விழுந்த இடுப்பில் காலால் மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. சித்த மருத்துவத்திலும் கையால் செய்யும் தொக்கணம், வர்மம் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் மென்-அன்-டோல் என்ற ஓட்டைக் கல்லுக்குள் முதுகுவலிக்காரர்கள் தவழ்ந்திருக்கிறார்கள். இடுக்குப் பிள்ளையாருக்கு அவ்வளவு தொலைவில் ஒரு பங்காளி!

இப்போது யூடியூபில், கைரோபிராக்டர் முதுகை அழுத்தும்போது வரும் 'கடக்' சத்தத்துக்குக் கோடிக்கணக்கில் பார்வையாளர்கள். சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்ததால் வருவதல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உருவாகும்போது எழும் ஒலி அது, விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதே. பிதுங்கிய டிஸ்க்கை எந்தக் கையாலும் உள்ளே தள்ள முடியாது. அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, அளவோடு. 2006-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், டிஸ்க் பிதுங்கிச் சயாட்டிகா என்ற இந்த நரம்பு வலி வந்த 102 பேரில் நிஜச் சிகிச்சை பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குக் கால் வலி முற்றும் நின்றது. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில் 20 விழுக்காட்டினருக்கே நின்றது. பிரிட்டனின் 2016 வழிகாட்டு நெறிகளும் கைச் சிகிச்சையை ஏற்கின்றன, உடற்பயிற்சியோடு சேர்த்துத் தந்தால் மட்டும்.

என் கணக்கில், இந்தக் கதையில் கூலி வாங்காத வைத்தியர் ஒருவர் இருக்கிறார்: காலம். பிதுங்கிய கூழை உடம்பே மெல்லத் தின்று கரைக்கிறது. பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வலி தணிந்துவிடுகிறது. 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்த ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஒரே நிலையில் இருந்தன. ஐந்தாவது வாரம் யாரிடம் போனோமோ அவருக்கே பேர் கிடைக்கிறது. கல்லானாலும் காலானாலும் கைரோபிராக்டரானாலும் சரி. ஸ்கேனையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 30 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைத்திருப்பது தெரிகிறது. நடமாடிக்கொண்டே இருப்பது படுத்தே கிடப்பதைவிட மேல்.

கையை வைக்க விடும் முன் அவர் யார் என்று கேட்பது தப்பில்லை. இந்தியாவில் மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 2021 சட்டம் பிசியோதெரபிஸ்ட்டை அங்கீகரிக்கிறது. கைரோபிராக்டருக்கு இங்கே அப்படித் தனிப் பதிவு முறை இல்லை. நல்லவர் முதலில் காலை நீட்டித் தூக்கிப் பார்ப்பார், பெருவிரலைத் தூக்கச் சொல்வார், எலும்புப் புரையும் புற்றுநோயும் உண்டா என்று விசாரிப்பார். நேராகக் கழுத்தைத் திருப்புகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

எந்தக் கையும் தொடக் கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் நிற்பது அல்லது கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் ஒருசேரத் தளர்வது. நரம்பு வேர்களின் மொத்தக் கற்றையும் நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், அறுவை தள்ளிப்போனால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.