வசேய் ஏகோ

வசேய் ஏகோ என்பது ஆங்கிலச் சொற்களையோ சொற்பகுதிகளையோ கொண்டு ஜப்பானியர் தமக்குள் உருவாக்கிப் புழங்கும் சொற்களைக் குறிக்கும் பெயராகும். 'ஜப்பானில் செய்த ஆங்கிலம்' என்பது இதன் நேர்ப்பொருள். இச்சொற்கள் ஆங்கிலம் போலவே ஒலித்தாலும் ஆங்கிலம் பேசுவோருக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. சில வேளைகளில் தவறாக விளங்குகின்றன. ஆங்கிலம் கற்கும் ஜப்பானிய மாணவருக்கு, அறியாத சொற்களை விட, ஏற்கனவே அறிந்தவை என்று நம்பும் இச்சொற்களே கூடுதல் இடர் தருகின்றன. அறியாத சொல்லை அவர் அகராதியில் தேடுவார். அறிந்ததாக எண்ணும் சொல்லைத் தேட மாட்டார்.

கடன்சொற்களும் ஒலி மாற்றமும்

ஜப்பானிய மொழியில் மேலைநாட்டுக் கடன்சொற்கள் கய்ராய்கோ எனப்படுகின்றன. இவை பெரும்பாலும் கத்தக்கானா என்னும் எழுத்து வகையில் எழுதப்படும். இவற்றுள் ஆங்கிலச் சொற்களே மிகுதி என்பதால், கத்தக்கானாவில் எழுதப்படுவன அனைத்தும் ஆங்கிலமே என்ற எண்ணம் மாணவரிடம் எளிதில் உண்டாகிறது. ரொட்டியைக் குறிக்கும் 'பான்' போர்த்துக்கீசச் சொல் (இலங்கைத் தமிழரின் 'பாண்' என்ற சொல்லுக்கும் மூலம் இதுவே). பகுதிநேர வேலையைக் குறிக்கும் 'அருபாய்தோ' செருமன் மொழியிலிருந்தும், கருத்துக் கணிப்புப் படிவத்தைக் குறிக்கும் 'அன்கேதோ' பிரெஞ்சு மொழியிலிருந்தும் வந்தவை. இவற்றை ஆங்கிலப் பேச்சில் பயன்படுத்தினால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது.

ஜப்பானிய மொழியில் மெய்ம்மயக்கம் மிகக் குறைவு. சொற்கள் உயிரிலோ மூக்கொலியிலோ தான் முடியும். எனவே ஆங்கிலத்தில் ஓரசையாக ஒலிக்கும் 'ஸ்ட்ரைக்' என்ற சொல், ஜப்பானியர் வாயில் 'சுதொராய்கு' என ஐந்து ஒலியலகுகள் கொண்டதாகிறது. ஒவ்வோர் அலகும் தமிழ் இலக்கணத்தில் குறிலுக்குரிய ஒரு மாத்திரையை ஒத்தது. மேலும், பேஸ்பால் ஆட்டத்தில் அது 'சுதொராய்கு', தொழிலாளர் வேலைநிறுத்தம் எனில் 'சுதொராய்கி'. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மாறாக, பேருந்தும் குளியலும் 'பாசு' என்ற ஒரே வடிவத்தில் அடங்கிவிடுகின்றன. ல, ர ஒலிகளிடையே வேறுபாடு இல்லாததால் ஒளியைக் குறிக்கும் 'லைட்', வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ரைட்' ஆகிய இரண்டும் 'ராய்தோ' தான்.

பொருள் மாற்றம்

ஒலி வேறுபாட்டைப் பயிற்சியால் திருத்திக்கொள்ளலாம். பொருள் வேறுபாடு அவ்வாறு எளிதில் வெளிப்படுவதில்லை. ஆங்கிலத்தில் 'மேன்சன்' என்பது மாளிகை. ஜப்பானில் 'மன்ஷொன்' என்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு ஜப்பானிய ஊழியர் தாம் மேன்சனில் வசிப்பதாகச் சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர் அவரைப் பெருஞ்செல்வர் என்று கருதக்கூடும். (சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்சன் என்றால் தனியாக வாழும் ஆடவர் தங்கும் விடுதி. ஒரு சொல் மூன்று ஊர்களில் மூன்று கட்டடங்களாகி விட்டது.)

'குரேமு' என்பது வாடிக்கையாளரின் புகார். ஆங்கிலத்தில் 'கிளைம்' என்பது உரிமை கோருதல் அல்லது ஒன்றை உண்மை எனக் கூறுதல். 'கன்னிங்கு' என்பது தேர்வில் பார்த்து எழுதுதல். ஆங்கிலத்தில் அது தந்திரத்தைக் குறிக்கும். 'சுமாதோ' ஒல்லியான உடலைக் குறிக்கிறது, அறிவுக் கூர்மையை அன்று. தமிழ்ப் பேச்சில் 'டென்சன்' என்றால் பதற்றம்; ஜப்பானியரின் 'தென்ஷொன்' உற்சாகம். 'கொன்செந்தோ' என்பது சுவரிலுள்ள பிளக் பாயிண்ட். வெளிநாட்டு விடுதியில் இச்சொல்லைக் கூறி அதைக் கேட்பவர், ஆங்கிலத்தில் 'ஒப்புதல்' எங்கே என்று கேட்டவராகிறார்.

சில சொற்களுக்குத் தெளிவான பிறப்பு வரலாறு உண்டு. விரும்பியதை எடுத்து உண்ணும் விருந்து முறைக்கு 'பாய்கிங்கு', அதாவது வைக்கிங், என்று பெயர். ஸ்காண்டிநேவிய விருந்து முறையைத் தழுவி 1958-ல் டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் தொடங்கிய உணவகத்தின் பெயரிலிருந்து இது வந்தது. 1973-ல் ஜப்பானிய தேசிய இரயில்வே முதியோருக்கென ஒதுக்கிய இருக்கைகள் 'வெள்ளி இருக்கை' எனப்பொருள்படும் 'சில்வர் சீட்' என்ற பெயரைப் பெற்றன. அதன்பின் 'சில்வர்' என்பதே முதுமையைச் சுட்டும் முன்னொட்டாகப் பரவியது.

சுருக்கங்கள் தனி வகை. தனிநபர் கணினி 'பசொகொன்' எனவும், தொலைவிலிருந்து இயக்கும் கருவி 'ரிமொகொன்' எனவும் குறுகின. 'ரிசுதொரா' என்பது நிறுவன மறுசீரமைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பாதி. ஆனால் ஜப்பானிய ஊழியர் காதில் அது ஆட்குறைப்பு என்றே விழும்.

மரபுத்தொடர்கள்

மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் இதையொத்த சிக்கலைத் தருகிறது. 'முகம் அகலமானவர்' என்றால் ஜப்பானிய மொழியில் பலரிடம் பழக்கமுள்ளவர். வேலைப்பளு மிகும்போது 'பூனையின் கையையும் கடன் வாங்கத் தோன்றுகிறது' என்பர். ஆங்கிலத்திலோ பூனையின் பாதம் என்னும் தொடர், பிறரால் கருவியாகப் பயன்படுத்தப்படுபவரைக் குறிக்கும். எனினும், ஒரே கல்லில் இரு பறவைகளை வீழ்த்துவது பற்றிய 'இஸ்செகி நிச்சோ' ஆங்கிலப் பழமொழியிலிருந்தே வந்தது என்பதால், மாணவர் அதை அப்படியே நம்பலாம்.

எதிர்ப்பு

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலம் 'எதிரி மொழி' எனப்பட்டது. 1943-ல் பேஸ்பால் ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்களும் மாற்றப்பட்டன. நடுவர் 'சுதொராய்கு' என்பதற்கு மாறாக, 'நன்று' எனப்பொருள்படும் 'யொஷி' என்று கூவினார். போருக்குப் பின் ஆங்கிலச் சொற்கள் முன்னிலும் வேகமாகப் பெருகின. 2002 முதல் 2006 வரை தேசிய ஜப்பானிய மொழி ஆய்வு நிறுவனம், விளங்காத கடன்சொற்களுக்கு மாற்றுச் சொற்களைப் பரிந்துரைத்தது. அவற்றுள் பல வழக்கில் ஊன்றவில்லை. 2013-ல், கடன்சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதால் நிகழ்ச்சிகள் புரியாமல் மன உளைச்சலுக்கு ஆளானதாகக் கூறி, முதியவர் ஒருவர் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. மீது வழக்குத் தொடர்ந்து இழப்பீடு கேட்டார். 2014-ல் வழக்கு தள்ளுபடியானது. ஆங்கிலம் கற்காத முதியோர் தம் சொந்த மொழிச் செய்தியையே பின்தொடர முடியாமற் போவதை இவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது. ஆங்கில ஆசிரியரின் கவலை இதற்கு நேர்மாறானது: அவருடைய மாணவர்களுக்கு இச்சொற்கள் அளவுக்கு மீறிப் பழகியவை.

ஆங்கிலத்திற்குச் சென்ற சொற்கள்

மாதச் சம்பள அலுவலரைக் குறிக்கும் 'சாலரிமேன்', கதைமாந்தர் வேடம் புனையும் 'கொசுபுரே' ஆகியவை இன்று ஆங்கிலத்திலும் வழங்குகின்றன. சோனி நிறுவனம் 1979-ல் வெளியிட்ட 'வாக்மேன்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இப்பெயர் ஆங்கிலம் பேசுவோருக்குப் பொருந்தாது எனக் கருதி, அமெரிக்காவில் 'சவுண்ட்அபவுட்' என்றும் பிரித்தானியாவில் 'ஸ்டோஅவே' என்றும் முதலில் விற்றனர். பின்னர் அப்பெயர்களைக் கைவிட்டு, எல்லா நாடுகளிலும் வாக்மேன் என்றே விற்கத் தொடங்கினர்.