பதிவேட்டுக்கு வெளியே இருந்த தாய்மார்

இலங்கையில் பிரசவ மரணம் குறைந்த வரலாற்றை ஆஸ்பத்திரிகளின் வரலாறாகச் சொல்வது வழக்கம். ஆனால் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1930களிலும் லட்சம் பிறப்புகளுக்கு 2,000 தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். வாசலுக்கு வருபவரை மட்டுமே ஆஸ்பத்திரி அறியும். 1926இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு இந்த முறையைத் தலைகீழாக்கியது. ஓர் எல்லைக்குள் வாழும் அனைவருக்கும் அந்தப் பிரிவே பொறுப்பு. பயிற்சி பெற்ற மருத்துவ மாது தன் பகுதியில் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவுசெய்தார், பிரசவம் பார்த்தார், சிக்கல் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஏழைத் தாயையும் சேர்த்துக் காத்தது இந்த எல்லைப் பொறுப்புதான்.

மரணம் குறைந்தது மலேரியா ஒழிப்பால்தானே என்று கேட்கலாம். 1934–35 கொள்ளைநோயையும் 1946க்குப் பிந்தைய டிடிடி தெளிப்பையும் நினைத்தால், அதில் உண்மை உண்டு. ஆனால் 1963இல் வெறும் 17 பேரிடம் காணப்பட்ட மலேரியா, 1968–69இல் பல லட்சம் பேருக்குப் பரவியது. அப்போதும் பிரசவ மரண விகிதம் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. அது தொடர்ந்து இறங்கி, பின்னர் லட்சத்துக்கு 100க்கும் கீழே போனது. அதற்குள் கிராமங்களில் மருத்துவ மாதர் வலை ஊன்றியிருந்தது.

இந்த வலைக்கு வெளியே நின்ற மலையகத் தோட்டங்கள் இன்னும் வலுவான சான்று. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் பெரும்பாலும் தோட்டத்தை நடத்திய துரைமாரின் பொறுப்பாக இருந்தது. தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தாய்மார் அரசின் பதிவேட்டில் முழுமையாக இடம்பெறவில்லை. 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில், நாடு முழுவதும் ஆயிரம் பிறப்புகளுக்கு 50ஐ ஒட்டியிருந்த சிசு மரணம் தோட்டங்களில் 100ஐத் தாண்டியது. குறைந்த கூலியும் பட்டினியும்தான் காரணம் என்பார்கள். அவை கொன்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கிராமத்திலும் வறுமை இருந்தது. அங்கே குழந்தை மெலிவதைக் கண்டு மேலே சொல்ல ஓர் அரசு ஊழியர் இருந்தார். தோட்டத்தில் அதே கடமை, கூலியைக் கணக்குப் பார்த்த நிர்வாகத்திடமே இருந்தது. எனவே ஆஸ்பத்திரிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சமத்துவத்தை அளக்க முடியாது. பதிவேட்டில் யார் விடுபட்டார்கள், அவர்களுக்காக யார் பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாக வேண்டும்.