குளிர்பெட்டியும் நான்கு துளைகளும்

முப்பது வருஷம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன் நான். எழுத்து என் தொழில் அல்ல. என்றாலும் 2019இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது கையில் வந்து மாட்டிய ஒரு சோடாப் பெட்டியைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டியை முன்வைத்து நான் ஒரு பொய் சொன்னேன். வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதோடு சம்பந்தப்பட்ட பொய் அது.

பெட்டி அடுத்த வீட்டுப் பெரியவருடையது. கறுப்பினத்தவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பழைய சாமான் கிடங்கில் வாங்கிவந்திருந்தார். 1950களில் செய்த சிவப்புத் தகரப் பெட்டி. மூடியைத் தூக்கினால் பாட்டில்கள் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிற தண்டவாளங்கள். காசு போட்டால் ஒரு பாட்டில் மட்டும் வெளியே வர வழிவிடும் சின்னக் கதவு. கம்ப்ரஸர் செத்திருந்தது, மூடியின் ரப்பர் கேஸ்கட் அப்பளமாய் நொறுங்கியது. 'நீ மெக்கானிக்காமே, பாரு' என்றார்.

அந்த நாட்டில் இதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. கேஸ்கட், பூட்டு, மூடி திறப்பான், எழுத்து ஒட்டிகள் எல்லாம் பழைய அச்சிலேயே புதிதாய்ச் செய்து தபாலில் அனுப்புகிறார்கள். கம்ப்ரஸர் மட்டும் பழையதுபோல் போட முடியாது. அதில் ஓடிய ஆர்-12 வாயு 1930களில் 'யாருக்கும் தீங்கில்லாத வாயு' என்று கொண்டாடப்பட்டது. அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் சொன்னார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1995 முடிவோடு அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே புதுக் கம்ப்ரஸர், ஆர்-134ஏ வாயு, அதற்குச் சேருகிற வேறு எண்ணெய். பழைய எண்ணெய் இந்த வாயுவோடு கலக்காது. குழாய்களைக் கழுவி, கேப்பிலரியை மாற்றி, வாக்யூம் எடுத்து வாயு ஏற்றினோம். பிடியும் மாறி அலகும் மாறின பிறகும் தாத்தா அரிவாள் என்றே சொல்லிக்கொள்வதில்லையா, அதுபோல அது 'பழைய பெட்டி'யாகவே இருந்தது.

அந்தப் பெட்டியின் பூர்வீகத்தையும் சொல்ல வேண்டும். கொக்கோ கோலா 1886இல் அட்லாண்டாவில் மருந்துக்கடைச் சோடா மேடையில், ஐந்து சென்ட்டுக்கு ஒரு கிளாஸ் என்று விற்கத் தொடங்கியது. தெற்கு மாநிலங்களில் அந்த மேடை வெள்ளையர் உட்காரும் இடம். 'தனித்தனி, ஆனால் சமம்' என்று உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பு எழுதிப் பிரிவினைக்குச் சட்டக் காவல் கொடுத்தது. மூன்று வருஷம் கழித்து, 1899இல், சட்டனூகாவின் இரண்டு வக்கீல்கள் பாட்டிலில் அடைக்கும் உரிமையை ஒரே ஒரு டாலர் விலைக்கு வாங்கினார்கள். பானம் மேடையை விட்டுத் தெருவுக்கு இறங்கியது. கறுப்பர் கைக்கும் வந்தது.

1929இல் இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் கிளாஸ்காக் சகோதரர்கள் கம்பெனிக்காகப் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். நாலு கால், துத்தநாகம் பூசிய தொட்டி, விலை பன்னிரண்டரை டாலர். மின்சாரப் பெட்டியும் காசுப்பெட்டியும் பின்னால் வந்தன. காசுப்பெட்டிக்கு ஆள் முகம் தெரியாது. நாணயம் மட்டுமே தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு உற்சாகமாய் இருந்தது. சந்தையும் எந்திரமும் பேதத்தை அழிக்கும் என்று நம்மிலும் பலர் பேசுகிறோமே, அதற்கு இதோ சாட்சி என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

'எந்திரத்துக்குக் கண்ணு இல்லதான். ஆனா அது கடைக்கு உள்ளல்ல நிக்குது? எங்களுக்குப் பின்பக்க ஜன்னல். காசை அங்க வெச்சா, கடைக்காரர் எடுத்துப் போட்டு, பாட்டிலை நீட்டுவார். வெயில்ல நின்னு குடிச்சிட்டு காலி பாட்டிலை அங்கயே வைக்கணும்.'

அந்தக் காலிப் பாட்டில் தொழிற்சாலைக்குத் திரும்பி, கழுவி, மறுபடி நிரம்பி, யார் வாய்க்கு வேண்டுமானாலும் போகும். பாட்டிலைப் பிரிக்க முடியாது. அதனால் இடத்தைப் பிரித்தார்கள். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மேடையில் போய் உட்கார்ந்ததன் அர்த்தம் இங்கேதான் புலப்படுகிறது. அதே கடையில் மற்றப் பொருள்களை அவர்களுக்கு விற்றார்கள். உட்காரத்தான் விடவில்லை. 1964இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 1968 ஏப்ரல் 3ஆம் தேதி, கொல்லப்படுவதற்கு முந்தின நாள், மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊர் மக்களிடம் கொக்கோ கோலா வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பெயிண்ட் அடிக்கும் முன் தகரத்தைத் தேய்த்தபோது முன்பக்கத்தில் நான்கு ஆணித் துளைகள் தெரிந்தன. கம்பெனி போட்டவை அல்ல. கடையில் யாரோ ஒரு பலகையை அறைந்திருக்கிறார்கள். வெல்டிங் வைத்து அடைத்து, பட்டி பூசித் தேய்த்தால் தெரியாது என்றேன். தொழில் தெரிந்தவன் அதைத்தான் செய்வான்.

'அடைக்காதே' என்றார். 'விலைப் பலகையா இருக்கலாம். வேற பலகையாவும் இருக்கலாம். இருக்கட்டும்.' பிறகு கேட்டார்: 'உங்க ஊர்ல இதெல்லாம் எப்படி?'

'எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்ல' என்றேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் தாத்தா எங்கள் ஊரில் டீயும் கோலிசோடாவும் விற்ற கடை வைத்திருந்தார். சேரிக்காரர்களுக்குக் கடையின் பின்புறச் சுவரில் ஆணியில் தொங்கும் அலுமினியக் குவளை. குடித்தவரே கழுவி மாட்ட வேண்டும். சோடாவையும் பாட்டிலோடு கொடுக்கமாட்டார்; உடைத்து அந்தக் குவளையில் உயரத்திலிருந்து ஊற்றுவார். அங்கே பின்பக்க ஜன்னல், இங்கே ஆணி. கறுப்பரின் வரலாற்றை மொழிபெயர்ப்பில் படித்துக் கண்ணீர்விட்ட நான், கேள்வி என் பக்கம் திரும்பியதும் பட்டி பூசினேன்.

பூசியது நான் மட்டுமில்லை. கடை மூடியபோது தாத்தாவின் தேக்குக் கல்லாப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பாலிஷ் போட்டுக் கூடத்தில் வைத்தோம். குவளைகளை எடைக்குப் போட்டோம். எது ஞாபகம், எது ஈயம் பித்தளை என்று தீர்மானித்தவர்கள் நாங்கள். இன்று பழைய சாமான்களை வாங்கி அலங்காரம் செய்கிற ஓட்டல்களைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே இல்லாத குவளைகளைத்தான் தேடுகிறேன். 1927இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் அள்ளிக் குடித்த தண்ணீரும், 1946இல் அமெரிக்கக் கறுப்பறிஞர் டுபாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதமும் இந்த இரண்டு வரலாறுகளையும் ஏற்கெனவே இணைத்துவிட்டன. எங்கள் கூடம்தான் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் போய் பெரியவரிடம் குவளையைப் பற்றிச் சொன்னேன். என் அரைகுறை இங்கிலீஷில் ஆணிக்குச் சொல் கிடைத்தது, சேரிக்குக் கிடைக்கவில்லை. கையால் ஊற்றிக் காட்டினேன். அவர் என்னைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. 'எவ்வளவு உயரத்திலிருந்து?' என்று மட்டும் கேட்டார். மறுபடி காட்டினேன்.

துளைகளை அடைக்காமல், அவற்றின் ஓரத்தில் துரு ஏறாமல் மட்டும் மருந்து தடவி, சுற்றிலும் சிவப்பு அடித்தோம். இரண்டு மணி நேரத்தில் பெட்டி குளிர்ந்துவிட்டது. ஊர் திரும்பியபின் பாழடைந்த கடைக்குப் போய்ப் பார்த்தேன். பின்சுவரில் ஆணிகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. சுவரை இடித்துப் புதிதாய்க் கட்டலாம் என்கிறான் தம்பி. அதற்கு முன்னால் அந்தக் குவளையில் குடித்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியது இருக்கிறது. அவர்கள் என்னை உட்காரச் சொல்வார்களா, நிற்கவைத்தே பேசுவார்களா என்பது அவர்கள் பாடு.