நானூறாம் எண் பூனை

கணவாய் மீனின் ரத்தம் நீல நிறமானது. நம் ரத்தத்தில் இரும்பு பார்க்கிற உத்தியோகத்தை அதன் ரத்தத்தில் செம்பு பார்க்கிறது. நண்டுக்கும் இறாலுக்கும் அப்படித்தான். சிப்பி, துத்தநாகத்தைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பாறையில் ஒட்டிக்கொண்டு கிடந்து, தொட்டால் தண்ணீரைப் பீச்சியடிக்கும் ஒரு அற்பப் பிராணி உண்டு. அதன் ரத்தத்தில் வனேடியம் என்ற உலோகம் இருப்பதை 1911-ல் நேப்பிள்ஸ் நகரத்தில் மார்ட்டின் ஹென்ஸே என்ற விஞ்ஞானி கண்டு சொன்னார். அந்தக் குடும்பத்தில் ஒரு வகை, கடல் நீரில் இருப்பதைப்போல் ஒரு கோடி மடங்கு வனேடியத்தைத் தன் உடம்பில் திரட்டி வைத்திருக்கிறதாம். கடலில் கரைந்து கிடக்கும் உலோகங்களில் தனக்கு வேண்டியதை மட்டும் இப்படிப் பொறுக்கியெடுக்கக் கடல் ஜீவன்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்களோ, தெரியவில்லை.

ஆனால் வேண்டாத உலோகம் ஒன்று வந்து வாசல் கதவைத் தட்டினால் என்ன ஆகும்?

பாதரசத்துக்கு உடம்பில் ஒரு வேலையும் கிடையாது. கண்ணாடியின் முதுகில் பூசியிருக்கலாம், ஜுரமானியின் குழாயில் ஏறி இறங்கலாம். ரத்தத்தில் அதற்கு நாற்காலி போட்டு வைக்கவில்லை. அதிலும் மீதைல் பாதரசம் என்ற சேர்க்கை ஒன்று இருக்கிறது. அது உடம்புக்குள் நுழைந்தால், நமக்கு வேண்டிய புரதச் சத்தோடு கைகோத்துக்கொண்டு, சொந்தக்காரனைப் போல் மூளை வரைக்கும் போய்விடுகிறது. கடலில் அதை முதலில் வாங்கிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றைப் புழுவும் சிப்பியும் தின்கின்றன; அவற்றைச் சிறு மீன் தின்கிறது; சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. தின்றதெல்லாம் ஜீரணமாகிப் போகிறது. பாதரசம் மட்டும் போவதில்லை. படிக்குப் படி பெருகுகிறது. எங்கள் தெருவில் வட்டிக் கடை வைத்திருந்தவர் ஒருவரின் கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது: அசல் கரையாது, வட்டி குட்டி போடும். மீனைக் கழுவினாலும் போகாது, குடலை எடுத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அது சதையிலேயே இருக்கிறது. கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பவன் மனிதன்.

இதை மனிதன் எந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டான் என்பதற்காகத்தான் ஜப்பான் தேசத்தின் தென்கோடியில், கியூஷு தீவில் இருக்கும் மினமாட்டா என்ற சிற்றூரின் கதையைச் சொல்ல வந்தேன். எதிரே தீவுகள் அணைகட்டியதுபோல் நிற்க, நடுவே அலையடங்கிக் கிடக்கும் ஷிரானுயி உள்கடல். கரை நெடுகச் செம்படவக் குடிசைகள். அரிசி வாங்கக் காசில்லாத நாளிலும் கடலில் கை விட்டால் சாப்பாடு. நெத்திலியும் சிப்பியும் அவர்களுக்குத் தொடுகறி அல்ல; அதுதான் சோறு.

இந்த ஊரில் 1908-ல் ஒரு ரசாயனத் தொழிற்சாலை முளைத்தது. பிற்காலத்தில் சிஸ்ஸோ என்று பெயர் பெற்ற கம்பெனி. உரத்தில் தொடங்கி, 1932-ல் அஸிடால்டிஹைட் என்ற சரக்கைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் சாமான்கள் செய்ய உதவும் பல சரக்குகளுக்கு அது தாய்ச் சரக்கு. அதன் தயாரிப்பில் பாதரசம் புரோகிதரைப் போன்றது. கல்யாணத்தை நடத்தி வைக்கும், தான் அதில் சேராது. ஆனால் இந்தப் புரோகிதரில் ஒரு பங்கு, கொதிகலத்துக்குள்ளேயே மீதைல் பாதரசமாக மாறி, கழிவு நீரோடு ஹியக்கென் துறைமுகத்தின் வழியாக விரிகுடாவில் இறங்கிக்கொண்டிருந்தது. 36 வருஷம் இறங்கிற்று.

முதலில் தெரிந்துகொண்டவை பூனைகள். 1950-க்குப் பிறகு அந்தக் கரையில் பூனைகள் தள்ளாடின. சுழன்று சுழன்று ஆடின. சில கடலில் விழுந்து செத்தன. காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன. மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. ஜனங்கள் அதற்குப் 'பூனை நாட்டிய நோய்' என்று பெயர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டுதான் வைத்திருப்பார்கள்.

1956 ஏப்ரலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறிற்று, கை கால் இழுத்தது. சில நாளில் அதன் தங்கையும் வந்து சேர்ந்தாள். பக்கத்து வீட்டிலும் அப்படியே என்று தாய் சொன்னாள். மே 1-ந் தேதி, 'காரணம் தெரியாத மூளை நோய் ஒன்று பரவுகிறது' என்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போயிற்று. ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் பெயர் ஹொஸோகவா ஹாஜிமே.

இந்த மனிதரை நான் எளிதில் விட்டு நகர மாட்டேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு பாத்திரம் ஆயுளில் ஒரு தடவை கிடைத்தால் அதிகம். அவர் சம்பளம் வாங்கியது கம்பெனியிடம். வைத்தியம் பார்த்தது கம்பெனியின் கழிவு தின்றவர்களுக்கு. ஊர் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து, ஆகஸ்டு மாதத்துக்குள் 30 நோயாளிகளின் விவரத்தை எழுதி வைத்தார். அதற்குள் ஊரில் தொற்றுநோய்ப் பயம் பரவிவிட்டது. நோய் கண்ட வீட்டாருக்குக் கடைக்காரன் காசைக் கையால் வாங்க மறுத்தான்.

குமமோட்டோ சர்வகலாசாலையின் பேராசிரியர்கள் காரணத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். மீனில் ஏதோ ஒரு உலோகம் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. எந்த உலோகம்? மாங்கனீஸ் என்றார்கள், செலீனியம் என்றார்கள், தாலியம் என்றார்கள். தொழிற்சாலைச் சாக்கடையில் இவ்வளவும் இருந்ததால் தேடுவது கஷ்டமாகிவிட்டது. திருடனைப் பிடிக்கப் போன இடத்தில் ஊரே திருடர்களாக இருந்தால் போலீஸ்காரர் என்ன செய்வார்? 1958-ல் மக்ஆல்பைன் என்ற ஆங்கிலேய மூளை வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இந்த அடையாளங்களை வேறொரு இடத்தில் படித்திருக்கிறேனே என்றார். 1940-ல் இங்கிலாந்தில் விதைக்குப் பூசும் மருந்து செய்த தொழிற்சாலையில் நாலு தொழிலாளிகளுக்கு வந்த நோய். பார்வை குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகும், காது மந்தமாகும், நடை தள்ளாடும். அவர்கள் கையாண்டது மீதைல் பாதரசம். நூலின் நுனி அகப்பட்டுவிட்டது. துறைமுகத்துச் சேற்றை அள்ளிப் பார்த்தபோது, வாய்க்கால் வாயில் ஒரு டன் சேற்றுக்கு 2 கிலோ பாதரசம் இருந்தது. 1959 ஜூலை 22-ல் சர்வகலாசாலை அதை அறிவித்தது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. யுத்த காலத்தில் கடலில் போட்ட வெடிமருந்துதான் காரணம் என்றார் ஒரு பெரியவர். அழுகிய மீனைத் தின்றதுதான் காரணம் என்றார் இன்னொரு பெரியவர். பிறந்த நாள் முதல் மீன் தின்று வளர்ந்த செம்படவனுக்கு, அழுகிய மீன் எது என்று தலைநகரத்திலிருந்து வந்து சொல்லிக் கொடுத்தார்கள்! இதற்கிடையில் 1958 செப்டம்பரிலேயே கழிவு நீரைத் துறைமுகத்திலிருந்து திருப்பி ஆற்று முகத்துவாரத்தில் விட்டிருந்தார்கள். அதுவரை நோய் எட்டிப் பார்க்காத வடகரைக் கிராமங்களில் பூனைகள் ஆடத் தொடங்கின.

ஹொஸோகவா தம் ஆஸ்பத்திரியிலேயே பூனைகளை வைத்துப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 1959 ஜூலையில், அஸிடால்டிஹைட் பகுதியிலிருந்து வரும் கழிவு நீரையே எடுத்து, சாதத்தில் ஊற்றி 400-ம் எண் பூனைக்கு நாள்தோறும் போட்டார். மீன் இல்லை, கடல் இல்லை, நடுவில் யாரும் இல்லை; தொழிற்சாலையும் பூனையும்தான். அக்டோபர் முதல் வாரத்தில் அந்தப் பூனை தள்ளாடிற்று, சுழன்றது, சுவரில் முட்டிக்கொண்டது.

அவர் மேலிடத்தில் போய்ச் சொன்னார். வெளியே மூச்சு விடக் கூடாது, பரீட்சையும் போதும் என்று உத்தரவாயிற்று. அவர் வெளியே சொல்லவில்லை.

இந்த இடத்தில் நாவலாசிரியனாக இருந்தால் அவரை ராஜினாமா செய்ய வைத்து, கையில் பூனையோடு பத்திரிகை ஆபீஸ் படியேற வைத்திருப்பேன். சரித்திரம் அப்படி எழுதவில்லை. அவர் உத்தியோகத்தில் இருந்தார், நோயாளிகளைப் பார்த்தார், பிறகு சில பரீட்சைகளைச் சத்தமில்லாமல் தொடர்ந்தார், 1962-ல் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போனார். கோழை என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த முதல் தகவல் கம்பெனியின் ஆஸ்பத்திரியிலிருந்துதானே போயிற்று? ஆனால் அவர் வாய் மூடியிருந்த அந்த வருஷங்களில் அந்தக் கரையில் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன என்பதையும் மறைக்க முடியவில்லை.

1959 நவம்பரில் செம்படவர்கள் தொழிற்சாலைக்குள் புகுந்து கண்ணாடியையும் மேஜையையும் நொறுக்கினார்கள். அடுத்த சில நாளில் நகரசபைத் தலைவரும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து கவர்னரிடம் தூது போனார்கள்: தயவு செய்து கழிவு நீரை நிறுத்திவிடாதீர்கள், ஊர் பட்டினி கிடக்கும் என்று. அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை, அதுதான் வேதனை. டிசம்பரில் கழிவைச் சுத்தம் செய்ய ஒரு இயந்திரத்தை ஆடம்பரமாகத் திறந்து வைத்தார்கள். கம்பெனித் தலைவர் ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிடித்து எல்லோர் எதிரிலும் குடித்தார். பாதரசக் கழிவு அந்த இயந்திரத்தின் வழியாக அன்றைக்கு வரவேயில்லை என்பது பிற்பாடு வெளியானது.

அதே மாதம் 30-ந் தேதி நோயாளிகளோடு ஒரு உடன்படிக்கை. இறந்தவருக்கு 3 லட்சம் யென், பெரியவருக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம், குழந்தைக்கு 30,000. அதற்கு நஷ்ட ஈடு என்று பெயரில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோகும் அனுதாபக் காசுக்கு ஜப்பானில் என்ன பெயரோ, அந்தப் பெயர். நாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி. கீழே ஒரு ஷரத்து: தொழிற்சாலைதான் காரணம் என்று பின்னால் ருசுவானாலும் இனி எதுவும் கேட்கக் கூடாது. பூனை தள்ளாடத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகியிராத சமயத்தில் எழுதிய ஷரத்து அது.

குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். ஹாராடா மஸஸுமி என்ற இளம் டாக்டர் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரே மாதிரி விளங்காத கை கால்களோடு இரண்டு சகோதரர்களைப் பார்த்தார். மூத்தவனுக்கு மினமாட்டா நோய். சின்னவனுக்குப் பிறவிக் கோளாறு, அவன் மீனே தின்றதில்லை என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். தாய் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் தின்னவில்லை, அவன் வயிற்றிலிருந்தபோது நான் தின்றேனே என்றாள். கருப்பையில் இருக்கும் சிசுவுக்கு விஷம் எட்டாது, நஞ்சுக்கொடி காவல் காக்கும் என்பது அந்நாளைய வைத்திய சாஸ்திரம். நடந்ததோ நேர் விரோதம். தாயின் உடம்பிலிருந்த பாதரசத்தை அந்தக் கொடி சிசுவுக்கே அனுப்பியிருந்தது. தாய்க்கு நோய் இலேசாகத்தான் இருந்தது. 1962-ல் இப்படிப்பட்ட 16 குழந்தைகளைப் பிறவி நோயாளிகள் என்று ஒப்புக்கொண்டார்கள். நம் வீடுகளில் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவதுபோல், ஜப்பானியர் அதைச் சிறு மரப் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். ஹாராடா பிற்பாடு அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிப் பரிசோதித்தார். எந்த வருஷம் பிறந்த குழந்தையின் கொடியில் எவ்வளவு பாதரசம் என்ற கணக்கைத் தாய்மார்கள் அலமாரியில் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள்.

1965-ல் நீகாதா என்ற வேறொரு மாகாணத்தில், வேறொரு கம்பெனியின் கழிவால் அதே நோய் வந்தது. மினமாட்டாத் தொழிற்சாலை பாதரச முறையை 1968 மே மாதத்தில் நிறுத்திற்று. மனசாட்சியால் அல்ல, பெட்ரோலியத்திலிருந்து செய்யும் முறை மலிவாக வந்துவிட்டதால். செப்டம்பர் 26-ல் சர்க்கார், ஆமாம், தொழிற்சாலைதான் காரணம் என்று அறிவித்தது. நாலு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் யாருக்காவது நஷ்டமாகியிருக்கும். அந்த ஆகஸ்டில் தொழிலாளர் சங்கம் ஒன்று, இத்தனை வருஷம் இந்த நோயாளிகளுக்காகப் போராடாமல் இருந்தது எங்களுக்கு வெட்கம் என்று பகிரங்கத் தீர்மானம் போட்டது. இந்தக் கதையில் வெட்கம் என்ற வார்த்தை முதலில் வந்தது தொழிலாளி வாயிலிருந்து.

அவ்வூர்க் குடும்பப் பெண் ஒருத்தி, இஷிமுரே மிச்சிக்கோ, நோயாளிகளின் வீடுகளில் போய் உட்கார்ந்து, அவர்கள் நாக்குக் குழறிச் சொன்னதைத் தன் எழுத்தில் பேச வைத்தாள். 1969-ல் அது புத்தகமாயிற்று. மறு வருஷம் பெரிய பரிசு ஒன்று தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் தொழில்காரர்களைப் பற்றி எனக்குப் பெருமைப்படக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

வழக்கு 1969-ல் தொடங்கிற்று. 1970 ஜூலையில் நீதிபதி ஆஸ்பத்திரிக் கட்டிலண்டை போய் ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டியிருந்தது. சாட்சி ஹொஸோகவா. புற்றுநோய். பதினோரு வருஷம் கழித்து அவர் 400-ம் எண் பூனையைப் பற்றிச் சொன்னார். தேதியோடு, யாரிடம் தெரிவித்தேன் என்பதோடு சொன்னார். அக்டோபரில் காலமானார். 1973 மார்ச் 20-ல் குமமோட்டோ நீதிமன்றம், அனுதாபக் காசு உடன்படிக்கை செல்லாது என்று தள்ளி, ஆளுக்கு ஒரு கோடியே 60 லட்சம் முதல் ஒரு கோடியே 80 லட்சம் யென் வரை கொடுக்கச் சொல்லிற்று.

அடுத்த வருஷம் விரிகுடாவின் வாயில் வலை கட்டினார்கள், உள்ளே இருக்கும் மீன் வெளியே போகாமலிருக்க. உள்ளே பிடித்த மீனை விலை கொடுத்து வாங்கி அழித்தார்கள். விஷச் சேற்றை உறிஞ்சிக் கரையோரமாக நிரப்பியதில் 58 ஹெக்டேர் புது நிலம் உண்டாயிற்று. இப்போது அதன் மேல் புல்லும் மரமும் இருக்கின்றன. 1997-ல் வலையை அவிழ்த்தார்கள். 2013-ல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். 2018-ல் நம் நாடும் அதை உறுதி செய்து சேர்ந்துகொண்டது.

சர்க்கார் பதிவேட்டில் நோயாளி என்று ஏறியவர்கள் 2,200 பேருக்குச் சற்று மேல். பதிவேட்டில் இடம் கிடைக்காதவர்கள் பல்லாயிரம். 2023 செப்டம்பரில் ஒசாக்கா நீதிமன்றம் வழக்குத் தொடுத்த 128 பேரையும் நோயாளிகள் என்று ஏற்றது. 2024 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் வேறு 144 பேரின் வழக்கைத் தள்ளிவிட்டது. அவர்களில் பலர், 400-ம் எண் பூனை சாதம் தின்ற வருஷத்தில் அந்தக் கரையில் சிப்பி பொறுக்கித் தின்ற சிறுவர் சிறுமியர்.