ஓடும்போதே அணையும் எஞ்சின்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு கோளாறின் வரலாறு

எப்போதாவது ஒருமுறை எஞ்சின் தானே அணைந்து, சிறிது நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் இயங்கும் கோளாறு, மோட்டார்த் தொழிலில் கண்டறிவதற்கு மிகக் கடினமான ஒன்றாகும். வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவரும் வேளையில் அது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. இதன் வரலாற்றைச் சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து எழுதுவது பொருத்தமானது, ஏனெனில் இந்தியக் கார்களின் மின்னுறுப்புகளில் கணிசமானவை உருவான இடமும், அவற்றைப் பழுதுபார்க்கும் தொழில் வேரூன்றிய இடமும் இங்கே அடுத்தடுத்து அமைந்தன.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்ட 1961ஆம் ஆண்டிலேயே பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தோன்றி, ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே பத்தாண்டில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் வாகன உறுப்புகளைக் கடைந்து கொடுத்தன. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது தீப்பொறிக்கான மின்னழுத்தத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பகிர்ந்தளிக்கும் உறுப்பு. அதனுள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி, உராயும் பகுதி தேய்ந்து படியும் முதல் சில நூறு கிலோமீட்டர்களிலேயே குறையக்கூடும் என்பதால், புத்தம்புதிய வண்டிகூட முதல் சர்வீஸுக்கு முன்பே திணறி அணைவதுண்டு. அருகிலிருக்கும் கண்டென்சர் சூடேறியதும் செயலிழந்து, ஆறியதும் சரியாகிவிடும். அம்பாசடர் காரின் ‘ஏ.சி. பம்ப்’ எனப்பட்ட பெட்ரோல் பம்ப் எஞ்சினிலேயே பொருத்தப்பட்டிருந்ததால், கோடையில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபட்டது. பம்ப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவைப்பதே அதற்கான கைமருந்து. வாகன எலக்ட்ரீசியனின் உண்மையான திறமை உறுப்பை மாற்றுவதில் அன்று, கோளாறைத் தன் கண்முன் மறுபடி வரவழைப்பதில்தான் இருந்தது. சூடாக்கியும், வயர்களை அசைத்தும், நெரிசலில் ஓட்டியும் அவர்கள் அதைச் செய்தனர். ஏட்டில் பதிவாகாத இவ்வறிவு தொழில்வரலாற்றில் உரிய இடம் பெறாதது பெருங்குறை.

நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி கட்டாயமானது; எரிபொருளைத் துல்லியமாக அளக்கும் தேவையும் அதனுடன் கூடியது. பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் வெளிவந்த சாண்ட்ரோ காரில், கார்பரேட்டருக்குப் பதிலாகக் கணினி அளந்து எரிபொருளைத் தெளிக்கும் முறை இருந்தது. பாயிண்ட்டும் கண்டென்சரும் மறைய, கிராங்க் தண்டின் சுழற்சியை உணரும் சென்சார், எரிபொருள் பம்ப்பின் ரிலே, பூமி இணைப்பு ஆகியவை ஐயத்துக்குரியனவாயின. பாரத் நிலை 4 மாசு விதிகளுடன் 2010இல் வண்டியே தன் பழுதைப் பதிவுசெய்யும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. பழுது நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம் முதலிய அளவுகளையும் அது பின்னர்ச் சேமித்தது. எனினும் சூட்டில் சில நொடிகள் மட்டும் தவறும் சென்சார், எந்தப் பழுதுக் குறியீட்டையும் விட்டுவைக்காமல் போவதுண்டு.

இக்கோளாறால் மிகுதியும் துன்புற்றவர் புதுவண்டி வாங்கியவரே. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பார்த்த அளவில் புலப்படாத குறையை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப வழிவகுத்தது. ஆனால் உத்தரவாதம் பழுதான உறுப்பை மாற்றித்தருவதாக மட்டுமே கூறும்போது முழு வண்டியையும் மாற்றித்தர ஆணையிட முடியாது என 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த உறுப்பு பழுது என்பதே தெரியாத இக்கோளாறில் அத்தகைய உத்தரவாதம் எவ்வளவு பயன்படும் என்பது நியாயமான கேள்வி. ஆகவேதான் வண்டியின் பழுதுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திக்கொண்டு, எஞ்சின் சூடேறி அணையும்வரை நெரிசலில் ஓட்டிப்பார்க்கும் பழைய வழக்கத்தை இன்றைய பணிமனைகளாலும் கைவிட இயலவில்லை.